ஒடிந்த சுருள்வில்லைத் தேடி

1967இல் பட்டர்வொர்த் நிலையம் திறக்கப்படும் வரை, பினாங்குக்கு வரும் பயணிகள் பிறையில்தான் இரயிலை விட்டு இறங்கினார்கள். அங்கே வேலை செய்த என் கொள்ளுத்தாத்தாவின் சட்டைப்பைக் கடிகாரம் பாட்டியின் அலமாரியில் ஓடாமல் கிடந்தது. சாவி கொடுத்தால் பிடிமானமே இல்லை. உள்ளே மெயின் ஸ்பிரிங் எனும் சுருள்வில் ஒடிந்திருந்தது.

ஜார்ஜ்டவுன் கடைகளில் கடிகாரத்தின் பெயரைச் சொல்லியே கேட்டு அலைந்தேன். வில்லுக்குப் பெயரைவிட அளவுதான் தேவை: அகலம், தடிப்பு, நீளம், அது அடங்கும் பீப்பாயின் உள்விட்டம், நுனிக் கொக்கியின் வகை. ஆகவே, நண்பர்களே, ஒடிந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்!

தடிப்பில்தான் நான் ஏமாந்தேன். தடிப்பு இரட்டித்தால் விசை எட்டு மடங்காகும். பழைய வில் 0.20 மில்லிமீட்டர், நான் வாங்கியது 0.22. வித்தியாசம் மயிரிழைதான், விசையோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. சமன்சக்கரம் அளவு மீறி ஆடி முட்டிக்கொள்ள, கடிகாரம் தறிகெட்டு முந்தியது. நீளமான வில் அதிக நேரம் ஓடும் என்பதும் தவறு. பீப்பாயின் காலியிடத்தில் ஏறக்குறைய பாதியை மட்டுமே வில் அடைக்க வேண்டும். மீதி, அது விரிவதற்கு.

சரியான வில்லைப் பொருத்திய அன்று பாட்டி அதைக் காதருகே வைத்துக் கேட்டார்.

“காலையிலதான் சாவி கொடுக்கணும். அப்பா அப்படித்தான் செய்வாரு,” என்றார்.