வீட்டில் மீன் தொட்டி

சென்ற மாதம் நம் சங்க நண்பர்கள் இருவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கூடத்தில் இருக்கும் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, "நாங்களும் வைத்தோம் சார், பத்தே நாளில் எல்லாம் செத்துவிட்டது. எங்களுக்கு ராசியில்லை" என்றார்கள். ராசிக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. என் முதல் தொட்டியும் ஒன்பதே நாளில் காலியானதுதான். அந்தக் கதையைச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பெரும்பாலான வருடங்களை ஸ்டேஷன்களுக்கும் காலனிகளுக்கும் தண்ணீர் வழங்கும் வேலையில் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டோம். ஏழு வயதுப் பேத்தி ஆசைப்பட்டாள் என்று, ஒரு ஞாயிறு காலை பாக்பஜார் பக்கத்துக் காலிஃப் தெருச் சந்தைக்குப் போய், தொட்டியும் பன்னிரண்டு மீன்களும் ஒரே நாளில் வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் எட்டிப் பார்த்து, "இதில் எது குழம்புக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்.

சுத்தமான தண்ணீர்தான் முக்கியம் என்பது என் தொழில் புத்தி. மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். ஃபில்டரைக் குழாயடியில் பளபளவென்று கழுவினேன். ஒன்பதாம் நாள் கடைசி மீனும் மிதந்தது. பேத்தி அழவில்லை. "தாத்தா, நீங்க தண்ணி இன்ஜினியர்தானே?" என்று மட்டும் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கே தவறு?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் அதில் அம்மோனியா இருக்கலாம். தொட்டியில் வளரும் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷமே. வேறொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அளவு மீறாதவரை அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரு வகைகளும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளைக் கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ பாக்டீரியா இல்லாத புதுத் தொட்டியில் மீனை விட்டு, பிறக்கத் தொடங்கியவற்றையும் குளோரின் தண்ணீரில் கழுவிக் கொன்றேன்.

புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் முதல் நாளே மெயில் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். வேகக் கட்டுப்பாடு போட்டு, ஜல்லி இறுக இறுகப் படிப்படியாகக் கூட்டுவோம். இதை வருடக்கணக்காகப் பார்த்தவன், மீன் தொட்டியில் மறந்துவிட்டேன்.

தொட்டியும் இடமும்

சிறிய தொட்டி சுலபம் என்பது தவறான எண்ணம். தண்ணீர் குறைந்தால் விஷமும் வெப்பமும் சீக்கிரம் ஏறும். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் ஆரம்பத்துக்கு நல்லது. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 47 லிட்டர் பிடிக்கும். கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 65 கிலோ. ஆகவே ஆடாத, மட்டமான மேஜை வேண்டும். அடியில் தெர்மோகோல் அட்டை விரித்தால் பாரம் சமமாகப் பரவும். ஜன்னல் வெயில் நேராகப் படக்கூடாது, பாசி பிடிக்கும். குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் கலந்த தண்ணீரானால் அது போதாது. கடையில் விற்கும் வாட்டர் கண்டிஷனர் போட வேண்டும்.

காத்திருத்தல்

இரண்டாம் முறை, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போட்டோம். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியா அதைத் தின்று பெருகும். "மீனில்லாத மீன் தொட்டி" என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். டெஸ்ட் கிட்டில் வந்த அளவுகளைப் பேத்தி நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினாள். முதலில் அம்மோனியா ஏறியது, பிறகு நைட்ரைட். ஆறாவது வாரம் இரண்டும் பூஜ்யம். "தாத்தா, சிக்னல் பச்சை" என்றாள்.

எந்த மீன்?

முதலில் ஆறு ஜீப்ரா மீன்கள் மட்டும் விட்டோம். கங்கை நதி மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட நூலில்தான் இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. இந்தப் பக்கத்து மீன், உடல் உறுதியானது. பிறகு சில வாரங்கள் விட்டு நான்கு கப்பிகள், எல்லாம் ஆண்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் தொட்டி குஞ்சுகளால் நிறைந்துவிடும். தங்க மீன் அழகுதான், ஆனால் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது.

வாங்கி வந்த பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடவும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மின்சாரம்

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் சைஃபன் ஆகிப் பம்புக்குள் இறங்கும். இடம் இல்லையென்றால் குழாயில் செக் வால்வு போடவும். ஒயர்கள் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு முறை தொங்கி ஏறினால், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். குளிர்காலத்தில் கப்பி போன்ற மீன்களுக்கு ஹீட்டர் தேவை. லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்கு வைத்து, 25 டிகிரி அளவில் நிறுத்தவும். தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி, அது ஆறிய பிறகே வேலையைத் தொடங்கவும். தண்ணீருக்கு வெளியே சூடானால் அதன் கண்ணாடி வெடித்துவிடும்.

வாராந்திர வேலை

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும், அடிக்கழிவோடு, குழாயால் இழுத்து எடுத்து, ஆறவைத்த தண்ணீரை ஊற்றவும். எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுவவும். குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள். மிச்சத் தண்ணீர் துளசிக்கு நல்ல உரம். உணவு, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே.

கோடை விடுமுறைக்கு நாம் எல்லோரும் ஊருக்குப் போகிறவர்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன்கள் ஒரு வாரம் பட்டினி தாங்கும். அதற்கு மேலானால், ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கான உணவைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அண்டை வீட்டாரிடம் கொடுங்கள். டப்பாவோடு கொடுத்தால் பாசத்தில் அதிகம் போட்டுவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள்

கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று 'சக்கர்' மீனை விற்பார்கள். தென் அமெரிக்க மீன் அது. ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் மக்கள் அதைக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். 2002 முதல் ராம்சார் தலமாக இருக்கும் கிழக்குக் கொல்கத்தா நீர்நிலைகளில்கூட இன்று அது பரவி, மீன் வளர்ப்போருக்குத் தொல்லையாகிவிட்டது. எந்தத் தொட்டி மீனையும் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். வேண்டாமென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் சங்கத்தில் என்னைப் பார்த்தால் சொல்லுங்கள். நன்றாக ஓடிப் பழகிய என் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். காயாமல் தொட்டித் தண்ணீரிலேயே எடுத்துப் போய் உங்கள் ஃபில்டரோடு வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். கையோடு மூடியுள்ள ஒரு பாத்திரம் மட்டும் கொண்டு வாருங்கள்.