வறுமையின் வகைகள்

வறுமை என்னுஞ் சொல்லை நாம் பலகாலும் வழங்குகின்றோம். ஆயினும் அஃது ஒரே தன்மைத்தன்று. வகையறியாது தீர்ப்புக் கூறுவோமாயின், ஏழையின் குற்றமல்லாததையும் அவன் குற்றமென்றே கொள்வோம். ஆதலின், சமூகவியலார் கூறும் வகைகளை ஒரு நகரின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்து தேசத்து யார்க் நகரிலே, கொக்கோத் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்த ஸீபோம் ரவுண்ட்ரி என்பவர், 1899-ம் ஆண்டில் தொழிலாளர் இல்லங்களை வீடுவீடாக விசாரிக்கச் செய்து, கண்டவற்றை 1901-ல் நூலாக வெளியிட்டார். உடலுரங் குன்றாதிருத்தற்கு இன்றியமையாத உணவு, உடை, உறையுள் முதலியவற்றின் செலவை மட்டும் அவர் கணக்கிட்டார். தாய் தந்தையரும் மூன்று மக்களுமுள்ள குடும்பத்திற்கு அது வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் ஆயிற்று. அக்கணக்கில் கடிதத்திற்குத் தபால் தலையில்லை, செய்தித்தாளில்லை, குழந்தைக்குப் பொம்மையில்லை, ஆலயக் காணிக்கையுமில்லை.

இத்துணைச் சிறு செலவிற்கும் வருவாய் போதாத நிலையை அவர் முதனிலை வறுமை என்றார். வருவாய் போதியதாயினும், அதிலொரு பகுதி வேறு வழியிற் செலவாகிவிடுதலால் நேர்வது இரண்டாநிலை வறுமை. அச்செலவு குடி, சூது போன்ற வீண்செலவாகலாம், பயனுள்ள செலவுமாகலாம். நகரமாந்தருள் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேர் முன்னையதிலும், 18 பேர் பின்னையதிலும் உழன்றனர்.

சோம்பலே வறுமைக்குக் காரணமென்பார் ஒன்று கவனிக்க. முதனிலை வறுமையில் வாடியோருட் பாதிக்கு மேற்பட்டோர், குடும்பத் தலைவன் தவறாது உழைத்தும் கூலி போதாமையால் வறியரானவரே. அவன் வேலையிழந்தமையால் அந்நிலையுற்றோர் நூற்றுக்கு மூவருமில்லை. மேலும், தொழிலாளியின் குழந்தைப் பருவத்திலும், அவன் மக்கள் சிறுவராயிருக்குங் காலத்திலும், முதுமையிலும் வறுமை மீண்டும் மீண்டும் வந்து சூழ்தலையும் ரவுண்ட்ரி எடுத்துக் காட்டினார்.

பிற்காலத்தில் பீட்டர் டவுன்ஸெண்ட் என்னும் அறிஞர், 1979-ல் வெளியிட்ட நூலில், ஒப்புநிலை வறுமையை விரித்துரைத்தார். தான் வாழுஞ் சமூகத்தில் யாவர்க்கும் வழக்கமான உணவும், வசதியும், பிறரோடு கூடி வாழ்தலும் பொருளின்மையால் ஒருவனுக்குக் கிட்டாவாயின், அவன் பட்டினி கிடவாவிடினும் வறியனே என்பது அவர் கருத்து. அந்நோக்கிற் பார்ப்பின், யார்க் நகரக் கணக்கில் விடுபட்ட தபால் தலையும் பொம்மையுங்கூட மனிதவாழ்விற்கு வேண்டுவனவேயாம்.

ஆதலால் நண்பர்காள், வறியனொருவனைக் காணுமிடத்து, "பெற்றதை எவ்வாறு செலவிட்டாய்?" என்று வினவுமுன், "இவன் உழைப்பிற்கு நாம் கொடுப்பது யாது?" என்று நம்மையே வினவக் கற்போமாக.