குழு வளரும் விதமும் திட்ட மேலாளரின் பங்கும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களிலிருந்து நம் பிள்ளைகள் பலர் நாள்தோறும் ரயிலிலும் பஸ்ஸிலும் திருவனந்தபுரத்திற்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். கணினி நிறுவனமானாலும் கட்டட வேலையானாலும் அங்கே பெரும்பாலும் குழுவாகவே உழைக்க வேண்டும். சேர்ந்த சில மாதங்களில், "அங்கே யாருடனும் ஒத்துப்போகவில்லை" என்று விட்டுவிட்டு வருவோரும் உண்டு. குழு எப்படி வளர்கிறது என்று அறிந்தால் அம்முடிவை எடுக்குமுன் சற்றுப் பொறுக்கத் தோன்றும்.

அமெரிக்க உளவியலறிஞர் புரூஸ் டக்மன் 1965இல் குழு வளர்ச்சிக்கு நான்கு நிலைகளை வகுத்தார். 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து ஐந்தாவதையும் சேர்த்தார். ஒரு வீடு கட்டும் வேலையை வைத்தே இவற்றைப் பார்ப்போம்.

1. கூடுதல்: எல்லாரும் மரியாதையாகப் பழகுவர், தம் பொறுப்பு எதுவரை என்பது தெரியாது. யாருக்கு எந்த வேலை, எப்போது முடிய வேண்டும் என்று மேலாளர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2. மோதல்: "ஒயர் குழாய் பதிக்குமுன் சுவரைப் பூசிவிட்டார்" என்று எலக்ட்ரீஷியன் கொத்தனாரிடம் சண்டையிடுவார். மேலாளர் சண்டையை அடக்கவும் கூடாது, ஒரு பக்கம் சாயவும் கூடாது. இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும்.

3. ஒழுங்கு: "குழாய் பதித்த பிறகே பூச்சு" என்று அவர்களே முறை வகுத்துக்கொள்வர். மேலாளர் கட்டளையைக் குறைத்துக்கொள்ளலாம்.

4. செயல்: வேலை தானே ஓடும். பொருளும் பணமும் தாமதமின்றி வருமாறு பார்த்துக்கொண்டால் போதும்.

5. கலைதல்: கணக்கை முடித்து, உழைத்தவர்களைப் பாராட்டி அனுப்ப வேண்டும்.

புதியவர் ஒருவர் சேர்ந்தாலும் குழு இரண்டாம் நிலைக்குத் திரும்பக்கூடும். ஆகவே மோதல் வந்ததாலேயே குழு கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

நம் பகுதிக் குழுக்களில் மொழியாலும் மோதல் வரும். தமிழில் 'அவசரம்' என்றால் விரைவு. மலையாளத்தில் அதே சொல்லுக்கு வாய்ப்பு என்று பொருள். இரண்டும் அறிந்த எல்லையூர்ப் பிள்ளை அங்கே பாலமாக நிற்கலாம். வீட்டுத் தமிழில் மலையாளம் கலக்கிறதே என்று அவன் கூச வேண்டியதில்லை.

மேலாளரின் பங்குக்குச் சிறந்த சான்று நம் அருகிலேயே உண்டு. திருவனந்தபுரம் தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவானது எஸ்.எல்.வி-3 ராக்கெட். திட்ட இயக்குநர் ராமேசுவரத்துத் தமிழரான அப்துல் கலாம். 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுமுன் கணினி எச்சரித்தது. நிபுணர்களைக் கலந்து, ஏவலாம் என்று தாமே முடிவெடுத்ததாகக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுக் கருவியில் ஏற்பட்ட பழுதால் ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது.

அன்று பத்திரிகையாளர்கள் முன் அமர்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். குழு கலைக்கப்படவில்லை, குறையைக் கண்டறிந்து திருத்தியது. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அப்போது நிருபர்களைச் சந்திக்கத் தவான் கலாமையே அனுப்பினார்.

தோல்வியின் பழியைத் தலைவர் ஏற்றார். வெற்றியின் புகழைக் குழுவுக்குக் கொடுத்தார். அப்படிப்பட்ட தலைவர் இருக்கும் குழுவில், தவறு கண்டவர் அஞ்சாமல் வாய் திறப்பார். அந்தத் துணிவே குழுவை நான்காம் நிலைக்குக் கொண்டு செல்லும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நீங்கள் வேலை செய்யும் குழு இப்போது எந்த நிலையில் உள்ளது?
2. கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகப் பேச அங்கே இடமுண்டா?
3. நாளை நீங்களே மேலாளரானால், பழி வரும் நாளில் எங்கே நிற்பீர்கள்?