திரையில் டைல்ஸுக்குக் கனமில்லை

நம்பிக்கை: கணினியில் ஷவர் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிப் பார்த்துவிட்டால், திரை காட்டும் அளவையே வைத்துக் கண்ணாடித் தடுப்புக்குச் சொல்லிவிடலாம்.

உண்மை: புதுவீடு கட்டுகிறவர்களும் அவர்களுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கிற இளைஞர்களும் இதைச் சொல்லக் கேட்டுக் கேட்டு நான் சலித்துவிட்டேன், கட்டட விவகாரத்தில் இதனினும் விபரீதமான பிரமை வேறொன்றை நான் கண்டதில்லை. ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் வர்ண வாளியை எடுத்துச் சுவரின்மேல் கொட்டும்போது அங்கே படிவது ஒரு சித்திரமேயன்றிப் பொருளன்று. அச்சித்திரத்துக்குக் கனமென்பது கிடையாது. அது தொடங்கும் இடமும் மேஸ்திரி முதல் டைல்ஸை வைக்கும் இடமன்று.

பூச்சு முடிந்தபின் சுவருக்குச் சுவர் 1200 மில்லிமீட்டர் உள்ள ஒரு ஷவர் மூலையை எடுத்துக்கொள்வோம். 600 மில்லிமீட்டர் டைல்ஸ் இரண்டு, திரையில் வெட்டின்றிக் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் நிஜச் சுவரில் 4 மில்லிமீட்டர் பசையும் 8 மில்லிமீட்டர் டைல்ஸும் ஏறியபின், பக்கத்துக்கு 12 வீதம் 24 கழிந்து, மிஞ்சுவது 1176 மட்டுமே. இக்கணக்கைப் போடாத ஒரு வீட்டில், 1200 என்று செய்வித்த கண்ணாடியை இருவர் சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்துவிட்டுப் பழந்துணியை விரித்துச் சுவரோரம் சாத்திவைத்ததை நேரில் கண்டேன். டெம்பர் செய்த கண்ணாடியைப் பிறகு மயிரிழை அளவும் அறுக்க இயலாது. அறுக்கப்புகுந்தால் முழுதும் நொறுங்கும்.

அளவு போகட்டும், வாட்டத்தையாவது வரைகிறார்களா? அதுவும் இல்லை. அடிக்குக் கால் அங்குலம் என்பது அமெரிக்கக் கட்டட வழக்கு. அதன்படி 1200 மில்லிமீட்டர் தூரத்துக்குத் தரை 25 மில்லிமீட்டர் இறங்கவேண்டும். நடுவில் துளை வைத்து நாற்புறமும் வாட்டம் கொடுத்தால், பெரிய டைல்ஸ் வளைந்துகொடுக்காதாகையால், மூலைவாட்டில் வெட்டவேண்டும், அல்லது சிறு மொசைக் பதிக்கவேண்டும். சுவரோரம் நீளவாக்கில் வடிகால் வைத்தாலோ, ஒருபக்க வாட்டத்திலேயே பெரிய டைல்ஸ் முழுதாக உட்காரும். கலவை குழைத்தபின் யோசிக்கும் காரியமா இது? திரையிலேயே, பசையும் டைல்ஸும் சேர்ந்த கனத்தைத் தனிப் பலகையாக இழுத்து வையுங்கள். தரையைச் சாய்த்து வரையுங்கள். கிரௌட்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் விடுங்கள்.

நம்பிக்கை: டைல்ஸ் ஒட்டிய சுவரில் நீர் இறங்காது.

உண்மை: இறங்கும். சிமெண்ட் கிரௌட் நீரை உறிஞ்சும். காப்பது டைல்ஸுக்குப் பின்னாலுள்ள நீர்க்காப்புப் பூச்சு.

நம்பிக்கை: சோப்பு வைக்கும் மாடத்தைக் கடைசியில் எங்கேனும் வைத்துக்கொள்ளலாம்.

உண்மை: அதன் விளிம்புகள் இணைப்புக் கோடுகளில் விழாவிட்டால், சுற்றிலும் கீற்றுத் துண்டுகளே மிஞ்சும்.

நம்பிக்கை: விலையுயர்ந்த மென்பொருள் அவசியம்.

உண்மை: சுவரும் தரையும் அளவோடு வரைய, ஸ்வீட் ஹோம் 3டி இலவசமாகவே கிடைக்கிறது.

இவை யாவற்றிலும் அவசியமானது, வருஷக்கணக்காக ரசமட்டம் பிடித்த மேஸ்திரிக்கு அந்தத் திரையின்முன் ஒரு நாற்காலி. வர்ணப் படத்தை அவர் கையில் திணித்துவிட்டு, பிழை வந்தபின் அவரையே கடிந்துகொள்வது நியாயமன்று. குறுக்குவெட்டு வரைபடத்தைக் காட்டி, “முதல் டைல்ஸை எங்கே வைப்பீர்கள், ஐயா?” என்று கேளுங்கள், அவர் விரல் வைக்கும் இடத்துக்குத் திரையிலுள்ள சித்திரத்தை நகர்த்திவிட்டு, அதன் பின்னர் டைல்ஸை எண்ணுங்கள்.