விளம்பரச் செலவுக்கும் கணக்கு வேண்டும்

மஞ்சள் தூளை முகநூல், வாட்ஸ்அப் மூலம் விற்க விரும்பும் விவசாயிகள், விளம்பரச் செலவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். உதாரணமாக, மாதம் 100 கிலோ விற்று, கிலோவுக்கு ரூ.60 மிஞ்சினால் லாபம் ரூ.6,000. விளம்பர நிறுவனம் மாதக் கட்டணம் ரூ.5,000 கேட்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.5,900 ஆகும். கையில் நிற்பது ரூ.100 மட்டுமே! முகநூலுக்குச் செலுத்தும் விளம்பரப் பணம் தனி.

10 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால் கட்டணம் ஆளுக்கு ரூ.590 தான். முதலில் 3 மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதிக் கொள்ளவும். தினசரி விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கவும். முகநூல் பக்கம், விளம்பரக் கணக்கு, வாட்ஸ்அப் எண் மூன்றும் குழுவின் வசமே இருக்க வேண்டும். இல்லையேல், நிறுவனத்தை மாற்றும்போது வாடிக்கையாளர்களையும் இழக்க நேரிடும்.