மரக்கால் கணக்கும் மத்தியான முகிலும்

மாசிக் கடைசியிலும் பங்குனித் தொடக்கத்திலும் ஏ-9 இலிருந்து உள்ளே இறங்கும் எந்தக் கிளை வீதியால் போனாலும் பாதி வீதி வாகனத்துக்கு, மீதி நெல்லுக்கு. காலபோக அறுவடை முடிகிற நேரம். வெட்டு மெசினால் வந்த நெல்லில் ஈரம் கூட. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். நல்ல வெயில் இரண்டு கிடைத்தால் போதும். அந்த இரண்டு வெயிலுக்காக வன்னியில் எல்லாரும் வானிலை சாத்திரிகள் ஆகிவிடுவார்கள்.

"உதென்ன தம்பி, உன்ர போன் ரெண்டு மணிக்கு மழையெண்டு நிக்குது, வானத்தில ஒரு முகிலையும் காணேல்லை" என்று பக்கத்து வளவுப் பெரியவர் ஒருநாள் காலை கேட்டார். அவருக்குப் பஞ்சாங்கம், எனக்குப் போன். அன்று பின்னேரம் எங்கள் இருவர் படங்கிலும் ஒரு துளி விழவில்லை. மூன்று கட்டை தள்ளி ஒருவருடைய நெல் வெள்ளத்தில் மிதந்தது.

"மழையெண்டு சொன்னாங்கள், பெய்யேல்லை, எல்லாம் பொய்." இந்தப் பருவத்தில் அதிகம் கேட்கிற தீர்ப்பு இதுதான், அதிகம் பிழைக்கிற தீர்ப்பும் இதுதான். மார்ச், ஏப்ரல் இரண்டும் முதலாவது இடைப்பருவ காலம். வாடை ஓய்ந்துவிட்டது, சோழகம் இன்னும் எழும்பவில்லை. பெருங்காற்று இல்லாத இந்த இடைவெளியில் மழையை உண்டாக்குவது உள்ளூர் வெயில். தரை சூடேற, மேற்கே மன்னார்ப் பக்கத்திலிருந்தும் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்தும் கடற்காற்று உள்ளே வரும். இரண்டும் நடுவில் முட்டினால் காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேலே ஏறும். காலையில் வெறும் வானம். பதினொரு மணிக்குப் பஞ்சுப் பொதிபோல முகில். இரண்டு மணிக்கு அதே முகில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்து, அடி கறுத்து நிற்கும். ஆகவே காலை ஒன்பது மணி வானத்தைப் பார்த்துப் பின்னேர மழையை மறுப்பதில் அர்த்தமில்லை. இந்த மழைக்கு வெறித்த காலைதான் அடுப்பு.

அப்படியொரு முகிலின் அகலம் சில கிலோமீற்றர், ஆயுள் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் சேர்ந்தால் பரப்பு 5,800 சதுர கிலோமீற்றர் அளவில் வரும். அதனால்தான் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு 'சில இடங்களில்', 'பி.ப. 2 மணிக்குப் பின்னர்' என்ற சொற்களோடு வருகிறது. நாங்கள் 'மழை' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். சொல்லப்போனால் அந்த அறிவிப்பின் உயிரே 'சில இடங்களில்' என்பதில்தான் இருக்கிறது.

போன் இன்னும் மோசம். அது உங்கள் வளவைப் பார்த்துச் சொல்லவில்லை. உலகம் முழுவதையும் ஒன்பது, பதின்மூன்று கிலோமீற்றர் சதுரங்களாக வெட்டிக் கணிக்கிற மாதிரியொன்றிலிருந்து, உங்கள் ஊர் விழுகிற சதுரத்தின் எண்ணை எடுத்துக் காட்டுகிறது. '40 சதவீதம்' என்றால் நாளில் நாற்பது வீத நேரம் பெய்யும் என்றில்லை, அரைகுறையாகத் தூறும் என்றுமில்லை. இதேபோன்ற பத்து நாளில் நாலு நாள் மழை கிடைக்கும், ஆறு நாள் கிடைக்காது. ஆறில் ஒன்று உங்களுக்கு வாய்த்தால் போன் பொய் சொன்னதாகாது.

பெரியவர் விடவில்லை. "புரெவியை நாலு நாளைக்கு முதலே சொன்னவங்களுக்கு இது ஏலாதோ?" நியாயமான கேள்வி. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை ஏறிய புரெவி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமான ஒரு சுழற்சி. செய்மதிப் படத்தில் நாட்கணக்கில் தெரியும். யானை வருகிற பாதையைச் சொல்லலாம். பானைத் தண்ணீர் கொதிக்கையில் முதற்குமிழி எந்த இடத்தில் எழும்பும் என்று சொல்ல ஏலாது. அந்தக் குமிழியை எழும்பின கையோடு கண்டுபிடிக்க டொப்ளர் ராடர் வேண்டும். தெற்கே கொங்கல மலையில் ஒன்றை நிறுவ முன்பு எடுத்த முயற்சி கைகூடவில்லை.

இனிப் பஞ்சாங்கம். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் பதின்மூன்று, பதினாலு நாளைக் கர்ப்போட்ட காலம் என்பார்கள். அப்போது முகில் கருக்கட்டுகிறது. எந்த நாளில் மந்தாரம், எந்த நாளில் தூறல் என்று பார்த்து வரப்போகும் மழையைக் கணிப்பார்கள். இதை ஒரேயடியாக மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. நாட்கணக்காக வானத்தை உற்றுப்பார்த்துக் குறித்து வைத்தவர்களின் வேலை இது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 6 ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில், கருக்கட்டிய முகில் 195 நாளில் மழையைப் பெறும் என்கிறார். டிசம்பர் 28 இலிருந்து 195 நாளை எண்ணிப் பாருங்கள், ஜூலை 11 வருகிறது. உஜ்ஜயினியில் அது மழை கொட்டுகிற காலம். வன்னியில்? சோழகம் புழுதியை வாரியடிக்க, சிறுகுளங்களின் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற காலம். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்து முடிந்துவிடும். கணக்கைப் போட்டவர் கெட்டிக்காரர்தான். போட்டது தம் ஊர் வானத்துக்கு. பஞ்சாங்கத்தில் மழையை மரக்காலில் அளந்து கடலுக்கு, மலைக்கு, நிலத்துக்கு என்று பங்கு பிரித்திருப்பதும் இந்த வகைதான். அந்த நிலத்துப் பங்கில் மாங்குளத்துக்கு எவ்வளவு, பூநகரிக்கு எவ்வளவு என்று கேட்டால் பஞ்சாங்கம் வாய் திறக்காது.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதும் தும்பி தாழப் பறப்பதும் வேறு. ஈரப்பதன் கூடுவதைப் பூச்சிகள் உணரும். ஆனால் அது சில மணித்தியாலச் செய்தி. படங்கை இழுத்து மூட உதவும், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்க உதவாது.

அதற்கு ஆட்கள் மலைநாட்டுச் செய்தியைக் கேட்பார்கள். "அங்கால கொட்டுதாம், இனிக் குளத்துக்குத் தண்ணி வரும்." வராது. இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்துக்குள் பிறந்து, வடக்கே ஓடி, சுண்டிக்குளக் கடனீரேரியில் முடிகிறது. நுவரெலியாவில் விழும் ஒரு துளியும் அதற்குள் வராது. வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி உயர்ந்து கொட்டும். வட்டவளைப் பக்கத்தில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். வன்னியில் அந்தக் காற்றைத் தூக்கிவிட மலை இல்லை. ஈரம் தலைக்கு மேலால் போய்விடும். 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளமும் மலையிலிருந்து இறங்கியதல்ல, இங்கே பெய்து இங்கேயே பெருகியது. சித்திரையில் ஒரு பின்னேர மழை 30 மில்லிமீற்றர் பெய்தால் முற்றத்தில் வெள்ளம் நிற்கும்; காய்ந்த நிலம் குடித்ததுபோக இரணைமடு மட்டம் அசைந்ததா என்று அளவுத்தடியைத்தான் கேட்க வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இன்னொரு பயம் வரும்: சூரியன் தலைக்கு நேரே நிற்கிற நாள்தான் ஆண்டின் உச்ச வெக்கை என்று. ஏப்ரல் 5 முதல் 15 வரை உச்சச் சூரியன் தெற்கிலிருந்து வடக்கே இலங்கையைக் கடக்கும். வவுனியாவை 12 ஆம் திகதியளவில், கிளிநொச்சியை 14 ஆம் திகதியளவில், பகல் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி. அப்போது முற்றத்தில் நட்ட தடிக்கு நிழல் இராது, பிள்ளைகளுக்குக் காட்டலாம். மற்றப்படி முதல் நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் தெரியாது. வெக்கையை முடிவு செய்வதில் முகிலுக்கும் காற்றுக்கும் மண் ஈரத்துக்கும் பங்குண்டு. சித்திரையில் ஆளைக் கொல்வது புழுக்கம்.

கடைசியாக இடி. இலங்கையில் மின்னல் கூடிய இரண்டு காலங்களில் ஒன்று இது, ஆகவே இதில் விளையாட்டில்லை. முழக்கம் கேட்டதும் மண்வெட்டியை, அலவாங்கை முற்றத்தில் எறிகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரும்பு மின்னலைக் கூப்பிடாது. சுற்றாடலில் உயர்ந்து தனித்து நிற்பதைத்தான் மின்னல் தேடும். வயல் வெளியில் அது வரம்போரத்துப் பாலைமரம்; மரம் இல்லாவிட்டால் நீங்கள். மரத்தடியில் ஒதுங்குவது மிகக் கெட்ட யோசனை. நாலு கம்பும் கிடுகும் கொண்ட காவல் கொட்டிலும் காப்பாற்றாது. கல்வீடு, அல்லது கண்ணாடி ஏற்றிய வாகனம். தலைக்கு மேல் கறுக்கட்டும், பிறகு ஓடலாம் என்பதும் பிழை: மழை தொடங்காத இடத்திலும், முகிலிலிருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் இறங்கும்.

எங்கள் அப்பு மின்னல் வெட்டினதும் அர்ச்சுனனின் பேர்களைச் சொல்லத் தொடங்குவார். அர்ச்சுனா, பல்குணா, பார்த்தா, கிரீடி என்று பத்து. அது இடியைத் தடுக்காது என்று பள்ளிக்கூடக் காலத்தில் அவரோடு வாதாடியிருக்கிறேன். இப்போது நானும் சொல்கிறேன், வேறு காரணத்துக்கு. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய மூன்று செக்கன் எடுக்கும்; ஆறுதலாகச் சொன்னால் ஒரு பேருக்கு ஒரு செக்கன். போன பங்குனியில் முதல் மின்னலுக்குப் பத்துப் பேரும் முடிந்த பிறகுதான் முழங்கியது. அடுத்ததற்கு ஆறாவது பேர் பாதியில் நின்றது. பெரியவர் படங்கின் ஒரு மூலையைப் பிடித்தார், நான் மற்ற மூலையை.