உள்ளே கழுவ வேண்டாம்

தாய்மாரே, சொந்தக் கிணற்றை விட்டு வந்த இடத்தில் தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். வெள்ளைபடுதலும் கடியும் வந்தால் அழுக்கென்று நினைத்து, சவர்க்காரமோ டெற்றோலோ கலந்து உள்ளே கழுவுகிறவர்கள் உண்டு. அது வருத்தத்தைக் கூட்டும். யோனியினுள் நல்ல கிருமிகள் வாழ்கின்றன. பாலைத் தயிராக்கும் கிருமிகளைப் போல அவை அங்கே ஒரு புளிப்பை உண்டாக்கி, தீய கிருமிகளைப் பெருகவிடாமல் தடுக்கின்றன. சவர்க்காரம் அந்தக் காவலைக் குலைத்துவிடும்.

வெளிப்புறத்தை மட்டும் வெறுந்தண்ணீரால் தினமும் கழுவுங்கள். ஒரு செம்பு தண்ணீர் காணும். மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். குளித்தபின் ஈரக் குறுக்குக்கட்டோடு நிற்கவேண்டாம். ஈரத்தில் பங்கசு வளரும். மாதவிடாய்த் துணியைச் சவர்க்காரமிட்டுத் தோய்த்து, நன்றாக அலசி, வெயிலிற் காயவிடுங்கள். கூச்சத்தால் கொட்டிலுக்குள் ஒளித்துக் காயவைப்பதுதான் பெருங்கேடு. மேலே மெல்லிய சீலையொன்றை விரித்தால் யார் கண்ணிலும் படாது.

மணமில்லாத, தெளிந்த வெள்ளை நோயல்ல. தயிர்க்கட்டிபோல வந்து கடித்தாலோ, மீன் வெடுக்கு வீசினாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, அடிவயிறு நொந்தாலோ மருத்துவமாதிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் சுணங்கவே கூடாது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். சில தொற்றுகளுக்குக் கணவரும் சேர்ந்து மருந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மாறியது திரும்பவும் வரும்.